கை என்ன சொல்லுது

பீர் மைதீன் ராவுத்தரிடம் யாரும் "நீர் என்ன சொல்லுதீர்" என்று கேட்பதில்லை. "ஒம்ம கை என்ன சொல்லுது" என்றுதான் கேட்பார்கள்.

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் போகிற சாலையில், வீடுகள் முடிகிற இடத்தில், அவருடைய விதைக்கடை இருந்தது. ஆவணி பிறந்ததிலிருந்து ஐப்பசி மழை விழும்வரை கிழக்குக் கரிசல்காட்டுச் சம்சாரிகள் பருத்திக்கொட்டைச் சாக்கைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். அவரிடமே விதை வாங்குகிறவர்கள் கொஞ்சம். வேறு எங்கோ வாங்கிய விதையை அவர் கையில் காட்டிவிட்டுப் போக வருகிறவர்கள்தான் அதிகம். அவர் வலது கையைச் சாக்குக்குள் முழங்கைவரை விடுவார். கண்ணை மூடிக்கொள்வார். உள்ளே கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒரு கொட்டையை உருட்டும், பிறகு இன்னொன்றை. கண்ணைத் திறந்து, நல்ல ரகம், கருங்கண்ணி என்பார். அல்லது உப்பம் என்பார். அல்லது, இதில் நாலுக்கு ஒன்று புளிச்சை, திருப்பிக் கொடுத்துவிடு என்பார். சாக்கு திரும்பிப் போகும்.

கண்ணால் பார்த்து இதைச் சொல்ல முடியாது. பஞ்சு எடுத்த பிறகு எல்லாக் கொட்டையும் சாம்பல் நிறத்தில் ஒரே மாதிரிதான் கிடக்கும். கொட்டைமேல் ஒட்டிக்கொண்டிருக்கும் சன்ன மயிரில்தான் வித்தியாசம். கருங்கண்ணிக்கு அது படிந்து கிடக்கும். புளிச்சைக்கு அது விரலை எதிர்த்து நிற்கும். அந்த எதிர்ப்பு ஒரு நூல் அளவுகூட இருக்காது. முன்னெல்லாம் அவரவர் வீட்டு மணையில் அவரவர் பருத்தியை அரைத்துப் பஞ்சைப் பிரித்து, கொட்டையை எடுத்துவைத்துக் கொண்டார்கள். யாருக்கும் யாருடைய கையும் தேவைப்படவில்லை. ராஜபாளையத்தில் பருத்தி அரைக்கிற நீராவி ஆலை வந்த பிறகு பத்து ஊர்ப் பருத்தியும் ஒரே வாய்க்குள் போய், கொட்டையெல்லாம் ஒரே குவியலாக வெளியே வந்து விழுந்தது. அந்தக் குவியல்தான் மறுபடி விதையாக ஊருக்குப் போனது. பீர் மைதீனின் கைக்குப் பெயர் வந்தது அப்போதுதான்.

புளிச்சை என்பது பருத்தியில் ஒரு கெட்ட ரகம். இலை, புளிச்சைக்கீரை இலை மாதிரி விரல் விரலாகப் பிரிந்திருக்கும். காய் நிறையப் பிடிக்கும், பஞ்சு கூடக் கிடைக்கும், வெயிலுக்குச் சாகாது. சம்சாரிக்கு வேறென்ன வேண்டும்? நாலு வருஷம் விழுந்து விழுந்து விதைத்தார்கள். ஆனால் அதன் பஞ்சு கட்டையானது, நூற்றால் அறுந்துபோகும். வாங்குகிறவர்கள் முதலில் முணுமுணுத்தார்கள், பிறகு சத்தம் போட்டார்கள். அந்த வருஷம் பஞ்சுப்பேட்டையிலிருந்து ஊர் ஊராகத் தமுக்கு அடித்துச் சொல்லிவிட்டார்கள். புளிச்சை கலந்த வண்டி பேட்டைக்குள் நுழையாது. வாசலோடு திரும்ப வேண்டியதுதான்.

இப்படி அந்தக் கைக்கு மதிப்புக் கூடிக்கொண்டே போன நேரத்தில், அது செத்து ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது.

முதலில் கட்டைவிரல் ஓரம் துணி சுற்றினாற்போல மதமதத்தது. பிறகு ஆள்காட்டி விரல். பிறகு உள்ளங்கை. ஒருநாள் அடுப்பிலிருந்து சோற்றுப்பானையைத் துணி இல்லாமல் இறக்கினார். கருகிய வாடை வந்ததும், அது தன் கைதான் என்று தெரிய அவருக்குச் சிறிது நேரம் பிடித்தது. அவர் மனைவி ஜெய்னப் பார்த்துக்கொண்டே நின்றாள். அன்றிரவு அவருடைய முழங்கைக்குக் கீழே இருந்த வெளிறின தேமலை அவள் விளக்கைப் பிடித்துப் பார்த்தாள். அந்த இடத்தில் ரோமம் இல்லை. அவள் கிள்ளினாள். கிள்ளியது அவருக்குத் தெரியவில்லை. இரண்டு பேருக்கும் நோயின் பெயர் தெரியும். இரண்டு பேரும் அதைச் சொல்லவில்லை. அவர் முழுக்கைச் சட்டை தைத்துக்கொண்டார்.

அவர்கள் தெருவில் அல்லா பிச்சை என்று ஒருவர் இருந்தார். அதே நோயில் அவருக்கு மூக்கு அமுங்கிய பிறகு கண்மாய்க்கரையில் ஒரு குடிசை போட்டுக் கொடுத்தார்கள். சோற்றை ஒரு கல்மேல் வைத்துவிட்டுத் தள்ளி நின்று கூப்பிடுவார்கள். கெட்ட மனிதர்கள் யாரும் இல்லை. சோறு ஒருநாளும் தவறினதில்லை.

பீர் மைதீனுக்கு உதட்டில் உணர்ச்சி இருந்தது. தற்செயலாகத் தெரிந்துகொண்டார். ஒரு கொட்டையை மேலுதட்டில் வைத்து உருட்டினால், விரல் சொன்னதையெல்லாம் உதடும் சொன்னது. சாக்குக்குள் கையை விடுவது வெறும் வேஷமாகப் போனது; இரண்டு கொட்டையை எடுத்துக் கடிப்பதுபோல வாயருகே கொண்டுபோவதுதான் வேலை. "ராவுத்தரு இப்பம் கடிச்சுல்லா பாக்காரு" என்று ஒரு பேச்சு எழுந்து அடங்கியது. ஒன்றரை வருஷத்தில் ஒரு சாக்குகூடத் தப்பவில்லை.

வருஷா வருஷம் முன்னால் நகர்கிற நோன்பு இந்தத் தடவை விதைக்காலத்துக்குள்ளேயே, புரட்டாசியில் வரும் என்பதை அவர் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

ஒன்பதாவது நோன்பன்று மத்தியானம் வெள்ளத்தாய் வந்தாள். மல்லி கிராமத்துக்குக் கிழக்கே நாலு குறுக்கம் கரிசல் நிலம் அவளுக்கு. புருஷன் சோலைச்சாமி பட்டாளத்தில் சேர்ந்து பர்மாவுக்குப் போய் இரண்டு வருஷம். காட்டை அவளே உழவைத்து, அவளே விதைத்து, அவளே எடுத்தாள். கொழுந்தன் பால்ச்சாமிக்கு அது கண்ணில் விழுந்த தூசி. வண்டியிலிருந்து சாக்கைத் தானே இறக்கிக் கடைக்குள் இழுத்துக்கொண்டு வந்தாள்.

கடையில் சங்கையா உட்கார்ந்திருந்தார். வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் அங்கே உட்கார்ந்திருக்கிற சம்சாரி.

"ஏ தாயி, புருசன்காரன் அங்ஙன துப்பாக்கி தூக்குதான், நீ இங்ஙன சாக்குத் தூக்குத. ரெண்டு பேர்ல யாருக்குப் பட்டாளத்துல சம்பளம்?" என்றார்.

"துப்பாக்கி கனம் கம்மியாம் மாமா. அதான் அவிய அதப் புடிச்சுக்கிட்டாக. நீங்க வந்து ஒரு முனையப் புடிச்சாத்தான் என்ன?"

"எனக்கு இடுப்புல்லா."

"உக்காந்தே தேஞ்சிருக்கும்."

அவள் சாக்கின் வாயை அவிழ்த்தாள். வீட்டில் எடுத்துவைத்திருந்த விதை, கூரை ஒழுகி நனைந்து முளைவிட்டுவிட்டதாம். இது ராஜபாளையத்தில் வாங்கியது. கருங்கண்ணி என்று சொல்லித்தான் கொடுத்திருக்கிறார்கள்.

"அவன் சொல்லுதான்னு விதைக்க முடியாது அண்ணாச்சி. இந்த வருசம் வண்டி பேட்டையில நின்னுட்டா, அடுத்த வருசம் காட்டை எங்க கொழுந்தன் உழுவாரு. பொம்பளைக்கு வெதை தெரியுமான்னு ஊர்க் கூட்டத்துல வச்சே கேட்டாச்சு. தெரியலைன்னா நானே வெலகிக்கிடுதேன்னு நானும் சொல்லிட்டேன். வாய் சும்மா இருந்தாத்தான?"

பீர் மைதீன் கையை உள்ளே விட்டார். தண்ணீருக்குள் விட்டிருந்தால் நனைவதாவது தெரிந்திருக்கும். இது ஒன்றுமேயில்லை. முழங்கைக்கு மேலே அவருக்குத் தோல் உயிரோடு இருந்தது. சட்டையை மடித்துக் கையை இன்னும் கொஞ்சம் இறக்கினால் அங்கே கொட்டை உரசும், ஏதாவது தெரியலாம். ஆனால் தேமல் தெரிந்துவிடும். கண்ணை மூடிக்கொண்டு செத்த நேரம் இருந்தார்.

"கடிச்சுப் பாக்கலையாக்கும்?" என்றார் சங்கையா.

"நோன்பு."

"விழுங்கவா போறீரு?"

"வாயில வைக்கிறதே ஒரு மாதிரிதான்."

"அப்பஞ் சரி, சாயந்திரம் மட்டும் இருக்கட்டுமா?" என்று வெள்ளத்தாய் கேட்டாள். "நோன்பு தெறந்த பொறவு பாருங்க. வண்டி நிக்கும்."

வடகிழக்கே மேகம் இறங்கி இருந்தது. அவளுக்கு அது தெரியாமல் இல்லை. இருந்தும் கேட்டாள். சரி என்று சொல்லியிருக்கலாம். நாலு மணி நேரம்தான்.

"கை இருக்கையில வாய் எதுக்கு?" என்றார் சங்கையா. "ராவுத்தர் கை பொய் சொல்லி நான் பாத்ததில்ல. சொல்லும் ஐயா, ஒம்ம கை என்ன சொல்லுது?"

பீர் மைதீன் கண்ணைத் திறந்து வெள்ளத்தாயின் முகத்தைப் பார்த்தார்.

"கருங்கண்ணிதான்."

"கலப்பு?"

"இல்ல."

பிறகு வழக்கமாகச் சொல்வதையும் சொன்னார். முதல் மழைக்கு ஆத்திரப்படாதே, மண்ணில் புழுக்கம் இருக்கும், ரெண்டாம் மழைக்கு விதை. சாணிப்பாலில் கொட்டையைப் புரட்டிச் செம்மண் தூவி, நிழலில் ஒரு பகல் காயப்போடு. அப்போதுதான் ஒன்றோடு ஒன்று ஒட்டாமல் கையை விட்டு உதிரும். ஓரத்துக்கு ஆமணக்கு ஊன்று, மாடு வாய் வைக்காது. எல்லாம் சரியான யோசனைகள். அவளுக்கு எல்லாமே ஏற்கனவே தெரியும். இருந்தாலும் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டு, சாக்கைக் கட்டி வண்டியில் ஏற்றிப் போனாள்.

நோன்பு திறந்து கஞ்சி குடித்தபின் சட்டையைக் கழற்றினார். கை மடிப்பிலிருந்து நாலு கொட்டை உதிர்ந்தது. ஒன்றை எடுத்து உதட்டில் வைத்தார். படிந்திருந்தது. இன்னொன்று. அது எதிர்த்தது. மூன்றாவதும் எதிர்த்தது. நாலாவது படிந்தது. நாலையும் வரிசையாகத் தரையில் வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"யாரு வெதை?" என்றாள் ஜெய்னப்.

சொன்னார்.

"நீங்க என்ன சொன்னீக?"

அதையும் சொன்னார்.

"போயிச் சொல்லிட்டு வாங்க."

"வண்டி போயிருக்கும்."

"வண்டிதான போச்சு. ஊரு அங்ஙனதான கெடக்கும். நாளைக்கு வெள்ளன போனாப் போச்சு."

"போயி என்னன்னு சொல்ல? நேத்து கை ஒண்ணு சொல்லிச்சு, இன்னைக்கு வேற சொல்லுதுன்னா?"

ஜெய்னப் கஞ்சிக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு எழுந்தாள். கொஞ்ச நாளாகவே அவருடைய கிண்ணத்தைத் தனியாகத்தான் கழுவி வைத்தாள். அவர் அதைக் கேட்டதில்லை. அவளும் காரணம் சொன்னதில்லை.

மறுநாளும் அவர் போகவில்லை. அதற்கு மறுநாள் சாயங்காலம் முதல் மழை பெய்தது. இந்நேரம் அவள் விதையைச் சாணிப்பாலில் புரட்டியிருப்பாள். சாணி புரட்டிய கொட்டையை உலகத்தில் யாராலும் பிரிக்க முடியாது. கையாலும் முடியாது, உதட்டாலும் முடியாது. இனிப் போய்ப் பிரயோஜனமில்லை என்று ஆனதும் அவருக்கு ஒரு மாதிரி நிம்மதியாகக்கூட இருந்தது. உறுத்தும் என்று எதிர்பார்த்தார். உறுத்தவில்லை. அதுவும் மரத்துவிட்டதோ என்னவோ.

ஐப்பசியில் ஒழுங்காக மழை இருந்தது. கார்த்திகையில் பருத்தி எல்லாக் காட்டிலும் இரண்டு இலையோடு நின்றது. முதல் இரண்டு இலை எல்லா ரகத்துக்கும் ஒன்றுதான். மார்கழியில்தான் இலை தன் ஜாதியைக் காட்டும். பீர் மைதீன் நாளை எண்ணிக்கொண்டு கடையில் உட்கார்ந்திருந்தார்.

மார்கழி பாதியில் ஒருநாள் வெள்ளத்தாய் வந்தாள். சங்கையாகூட இல்லாத வேளை. முந்தானை முடிச்சை அவிழ்த்து இரண்டு இலையை எடுத்து, அவருக்கு முன்னால் இருந்த சாக்கின்மேல் வைத்தாள். ஒன்று அகலமாக இருந்தது. இன்னொன்று விரல் விரலாகப் பிரிந்து ஒல்லியாக இருந்தது.

"கறி வச்சுப் பாத்தேன் அண்ணாச்சி," என்றாள். "புளிக்கலை. கீரையில்ல போல இருக்கு."

அவர் ஒல்லி இலையை எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"எம்புட்டு இருக்கும்?"

"பாதிக்குப் பாதி."

"எண்ணிப் பாத்தாப்புல சொல்லுதீகளே. நான் மூணு நாளா நடந்து பாத்தேன். எனக்கும் அம்புட்டுதான் பட்டுது." அவள் கோபப்பட்டிருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும். "பிடுங்கணும். பூப்பூத்துட்டா புளிச்சையோட வெள்ளைப்பூவைப் பாத்து ஊரே கண்டுக்கிடும். ஆள் விட்டா நாளைக்கே எங்க கொழுந்தன் காதுக்குப் போயிரும். இலையைப் பிரிச்சுப் பாக்கத் தெரிஞ்ச ஆளு வேணும். வாய் இல்லாத ஆளா வேணும். நீங்க வாங்க."

"நானா?"

"வேற யாரு, சங்கையா மாமாவா? அவுகளுக்கு இடுப்புல்லா."

அவர் போனார். கடையை ஜெய்னப் பார்த்துக்கொண்டாள். விடிந்ததும் மல்லிப்பக்கம் போகிற வண்டி எதிலாவது ஏறி, இறங்கி நடந்து, வெயில் ஏறுமுன் காட்டில் நிற்பார். தூவி விதைத்த காடு. செடி நெருக்கமாக நின்றது. பாதியைப் பிடுங்கினாலும் மிச்சம் தாங்கும். இலையைப் பார்ப்பார், அகலம் என்றால் விடுவார், ஒல்லி என்றால் தண்டைப் பிடித்து இழுப்பார். கண் போதும். கைக்கு வெறும் பிடிதான் வேண்டும், அது இருந்தது. வெள்ளத்தாய் பின்னாலேயே வந்து, பிடுங்கிப் போட்டதைச் சேர்த்துக் கட்டி எடுத்துப் போனாள். வழியில் போகிறவர்கள் கேட்டால், களை என்றாள்.

"என்ன அண்ணாச்சி, கல்யாணத்துக்கு வந்தாப்புல முழுக்கைச் சட்டை?" என்று முதல் நாள் கேட்டாள்.

"வெயிலு."

"மார்கழி வெயிலு ஒங்களுக்குத்தான் அடிக்குது போல."

மத்தியானம் பனையோலை நிழலில் உட்கார்ந்தபோது சொம்பில் தண்ணீர் கொடுத்தாள். வாங்கிக் குடித்தார்.

மூன்றாம் நாள், வேலி ஓரம். அங்கே உடைமுள்ளைக் கொத்தாகக் கொண்டுவந்து வேலி அடைத்திருந்தது. முள்ளோடு முள்ளாகச் சில செடிகள் நின்றன. அவர் பிடுங்கிக்கொண்டே போனார். கால்மணி நேரம் கழித்து வெள்ளத்தாய் பின்னாலிருந்து கூப்பிட்டாள்.

"அண்ணாச்சி. நில்லுங்க."

நின்றார்.

"பாம்பு கீம்பு எதையும் மிதிச்சீகளா?"

"இல்லையே."

அவள் கையிலிருந்த செடிக்கட்டை நீட்டினாள். ஒவ்வொரு தண்டிலும் ரத்தம். பிடித்த இடத்தில் எல்லாம் ஒரே அளவாகப் பூசினமாதிரி இருந்தது. திரும்பி நடந்து வந்த வழியைப் பார்த்தார். அகல இலைகளிலும் அங்கங்கே சொட்டியிருந்தது. பிறகு கையைப் பார்த்தார். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே அரைவிரல் நீளத்துக்கு ஒரு முள் ஏறி நின்றது. அதோடுதான் அவர் அவ்வளவு நேரமும் தண்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு இருந்திருக்கிறார்.

வெள்ளத்தாய் அந்தக் கையைப் பிடித்து முள்ளை உருவினாள். அவர் தன் கையைப் பார்க்காமல் அவள் முகத்தைப் பார்த்தார். உருவி முடிந்தது அவள் முகத்தில்தான் தெரிந்தது. அவள் முள்ளைக் கீழே போடவில்லை. அதன் நுனியை அவர் உள்ளங்கையில் வைத்து அழுத்தினாள்.

"இங்ஙன?"

"இல்ல."

"இங்ஙன?"

"இல்ல."

மணிக்கட்டுக்கு வந்தாள். இல்லை. சட்டையை மேலே தள்ளினாள். தேமல் வரைக்கும் வந்து நிறுத்தினாள்.

"பொரட்டாசியில?"

"அப்பவும் இப்படித்தான்."

"பொறவு எப்படிக் கருங்கண்ணின்னு சொன்னீக?"

"ஒன் மூஞ்சியப் பாத்துச் சொன்னேன்."

"எம் மூஞ்சியில கருங்கண்ணின்னா எழுதியிருந்துது?" என்றாள். சிரிப்பதுபோல ஒரு சத்தம் வந்தது, அவ்வளவுதான். "சாயந்திரம் மட்டும் நிக்கேன்னு சொன்னேனே அண்ணாச்சி."

"சொன்ன."

அவள் முள்ளை வேலிக்குள் எறிந்துவிட்டு ஓடைப்பக்கம் போனாள். குழியில் தேங்கியிருந்த தண்ணீரில், மண்ணைப் போட்டுத் தேய்த்துக் கையைக் கழுவினாள். ஒருமுறை கழுவி, பார்த்து, மறுபடி கழுவினாள். அதில் தப்பு ஒன்றும் இருப்பதாக அவருக்குப் படவில்லை. அவரும் கழுவியிருப்பார்.

மத்தியானம் அவள் சொம்பைக் கையில் கொடுக்கவில்லை. உயரத்திலிருந்து ஊற்றினாள். அவர் இரண்டு கையையும் குவித்து வாங்கிக் குடித்தார். இடது கைக்குத் தண்ணீர் குளிர்ந்தது. வலது கைக்கு எதுவும் இல்லை.

"மிச்சத்தையும் முடிச்சுட்டுப் போங்க," என்றாள்.

இன்னும் இரண்டு நாள் வேலை இருந்தது. கைக்குத் துணி சுற்றிக்கொண்டு முடித்தார். கடைசி நாள் அவர் கிளம்பும்போது அவள் வரப்பில் நின்று சொன்னாள்.

"நான் யார்ட்டயும் சொல்லமாட்டேன். சொன்னா எங்காட்டுக் கதையும் சேந்துல்ல வெளிய வரும். ஆனா அண்ணாச்சி, அடுத்த வருசமும் எவளாவது ஒருத்தி சாக்கோட வருவா."

அவர் வண்டிப்பாதையைப் பார்த்து நடந்தார்.

பங்குனியில் பருத்தி வெடித்தது. பேட்டை வாசலில் வண்டிகள் ஒரு மைல் தூரத்துக்கு நின்றன. பேட்டை ஆட்கள் ஒவ்வொரு வண்டியிலும் ஏறி, பஞ்சைப் பிடுங்கி இழுத்து இழுத்துப் பார்த்தார்கள். பாதிக்கு மேல் வண்டியைத் திருப்பினார்கள். பால்ச்சாமி வண்டி திரும்பியது. அவன் வாசலிலேயே நின்று தாயையும் பிள்ளையையும் இழுத்துத் திட்டினான். அப்புறம் மாட்டை அடித்து ஓட்டிக்கொண்டு போனான். அதற்குப் பின்னால் நின்ற வெள்ளத்தாய் வண்டி உள்ளே போனது. பருத்தி கொஞ்சம்தான். ஆனால் ஒரு கைப்பிடிகூடக் கலப்பு இல்லை என்று பேட்டையில் பஞ்சை மதிப்பிடுகிற ராஜு, தெலுங்கிலும் தமிழிலுமாக நாலு பேர் கேட்கச் சொன்னார்.

செய்தியைப் பரப்ப ஒரு சங்கையா போதும். ஒரு வாரத்துக்குள் கரிசல்காடு முழுக்கச் செய்தி போய்விட்டது. ஒரே ஆலை விதை. கொழுந்தன் வண்டி திரும்புகிறது, மதினி வண்டி உள்ளே போகிறது. என்ன காரணம்? அவள் ராவுத்தர் கையில் காட்டி விதைத்தாள், அவன் காட்டவில்லை. சங்கையா கூடவே உட்கார்ந்திருந்து கண்ணால் பார்த்த சாட்சி. அந்தச் சாட்சியில் ஒரு வார்த்தையும் பொய்யில்லை.

அடுத்த ஆவணியில் கடை வாசலில் ஒரே நாளில் பதினொரு வண்டி நின்றது. வத்திராயிருப்பு, கூமாப்பட்டிப் பக்கம் சொந்தம் இருக்கிறவர்கள் அவர்களுடைய சாக்கையும் சேர்த்துக் கொண்டுவந்திருந்தார்கள். பீர் மைதீனின் சுண்டு விரலும் மோதிர விரலும் அதற்குள் உள்பக்கமாக மடங்க ஆரம்பித்திருந்தன. ஆள் இருக்கும்போதெல்லாம் அந்தக் கையை ஏதாவது ஒரு சாக்குக்குள் விட்டே வைத்திருந்தார். பார்க்கிறவர்களுக்கு வேலையில் இருப்பதாகத் தோன்றும்.

வெள்ளத்தாயும் வந்திருந்தாள். விதைக்காக அல்ல, அவள் அந்த வருஷம் வீட்டிலேயே மணை போட்டு அரைத்து எடுத்து வைத்துவிட்டாள். மாட்டுக்குக் கொட்டை வாங்க வந்தவள், வண்டிகளுக்குப் பின்னால் புளியமரத்தடியில் நின்றாள்.

முதல் சாக்கு சங்கையாவுடையது. வருஷம் முழுக்கக் கடையில் உட்கார்ந்திருந்ததற்கு அதுவாவது வேண்டாமா?

"கையை விடும் ஐயா. கூட்டம் நிக்கி."

விட்டார். நோன்புக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. ஒரு கொட்டையை எடுத்து வாயருகே கொண்டுபோனால் போதும். உதடு இன்னும் நன்றாகவே இருந்தது. இந்த வருஷத்தை ஓட்டிவிடலாம். அடுத்த வருஷத்தையும் ஒருவேளை ஓட்டலாம். எல்லாரும் அவர் கண்ணை மூடுவதற்காகக் காத்திருந்தார்கள். அவர் மூடவில்லை. எதிரே நிற்கிறவர்களின் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்த்தார். எல்லா முகத்திலும் ஒரே விடைதான் இருந்தது. எல்லாருக்கும் கருங்கண்ணிதான் வேண்டும்.

"ஒம்ம கை என்ன சொல்லுது?" என்றார் சங்கையா.

"ஒண்ணும் சொல்லல."

"என்னது?"

"செத்துப்போச்சு." கையை வெளியே எடுத்தார். இடது கையால் சட்டையை முழங்கைவரை சுருட்டி, எல்லாரும் பார்க்கும்படி சாக்கின்மேல் வைத்தார். "ரெண்டரை வருசமாச்சு."

முதலில் யாருக்கும் புரியவில்லை. புரிந்ததும் முன்னால் நின்றவர்கள் பின்னால் நகர்ந்தார்கள். சங்கையா எழுந்து நின்றார். அவர் அவ்வளவு வேகமாக எழுந்து யாரும் பார்த்ததில்லை. தன் சாக்கைத் தொடுவதா விடுவதா என்று பார்த்துவிட்டு விட்டுவிட்டார். கடைக்கும் கூட்டத்துக்கும் நடுவே பத்தடி வெறும் தரை விழுந்தது.

"கை வேண்டாம்," என்றார் பீர் மைதீன். "ஒரு சட்டியில கரிசமண்ணைப் போட்டு, சாக்குல இருந்து இருபது கொட்டை எடுத்து ஊனுங்க. இன்னைக்கே ஊனுங்க. மழைக்கு இன்னும் ரெண்டு மாசம் கெடக்கு. மொத ரெண்டு இலையைப் பாத்து ஏமாறாதீக, அது எல்லாத்துக்கும் ஒண்ணுதான். அதுக்கு மேல வருத இலை பிரிஞ்சு காட்டும். ஒல்லியா விரல் விரலா இருந்தா புளிச்சை. இருபதுல எத்தனைன்னு எண்ணிக்கிடுங்க. சாக்குலயும் அம்புட்டுதான் இருக்கும்."

ஓரத்தில் நின்ற ஒருவன் மாட்டைப் பூட்ட ஆரம்பித்தான். இன்னொருவன் அவனைப் பார்த்துத் தானும் திரும்பினான்.

"இம்புட்டுத்தானா?" என்று யாரோ முணுமுணுத்தார். "இதுக்கா இத்தன வருசம் வண்டி கட்டிக்கிட்டு இவர்ட்ட வந்தோம்?"

"ஆமா," என்றார் பீர் மைதீன்.

புளியமரத்தடியிலிருந்து வெள்ளத்தாயின் குரல் வந்தது. பத்தடி தாண்டிக் கேட்பதற்காகச் சத்தமாகவே கேட்டாள்.

"எத்தனாவது இலையில தெரியும் அண்ணாச்சி?"

அவளுக்குத் தெரியும். நாலு குறுக்கத்தில் அவளே நடந்து பார்த்தவள். ஆனால் அவள் கேட்டதும், மாட்டைப் பூட்டினவன் நுகத்தடியைப் பிடித்தபடி நின்றான். மற்றவர்களும் திரும்பிப் பார்த்தார்கள்.

"அஞ்சாவது இலையில லேசாத் தெரியும். ஏழாவதுல சந்தேகமே இருக்காது."

"நெழல்ல வைக்கணுமா, வெயில்லயா?"

"வெயில்ல."

பிறகு சங்கையா, தூரத்தில் நின்றபடியே, தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"தண்ணி தெனமுமா ஊத்தணும்?"

"ஒருநாள் விட்டு ஒருநாள்," என்றார் பீர் மைதீன். "கூடுனா அழுகிரும்."